தட்டுவதற்கு ஒரு கதவு

நகராட்சியிலிருந்து வந்த பெண் நல்லவள்தான். அதில் ஹெர்லிண்டாவுக்குச் சந்தேகமில்லை. கொண்டுவந்த கேக்கை அவளே வெட்டி வைத்தாள், பேரப்பிள்ளைகளின் படத்தைப் பார்த்து ஒவ்வொருவர் பெயரையும் கேட்டாள், அதன் பிறகுதான் விஷயத்துக்கு வந்தாள். நம் மக்களின் பாரம்பரியத்தை ஊரே சேர்ந்து கொண்டாட வேண்டும் என்று நகராட்சி தீர்மானித்திருக்கிறதாம். அதனால் இந்த வருஷம் போசாதாவை ஒலிவத் தெருவில் வீடு வீடாக நடத்தாமல், பூங்காவில் மேடை போட்டு, மைக் கட்டி, ஒரே நாளில் முடித்துவிடலாமாம். நாற்காலிகூட அவர்களே போடுவார்களாம்.

"பூங்காவுல கதவு இருக்கா?" என்று கேட்டாள் ஹெர்லிண்டா.

"கேட் இருக்கே."

"அது பூட்டுறதுக்கு. நான் கேக்கிறது தட்டுறதுக்கு ஒரு கதவு. அது இல்லாம யார்கிட்ட போய் இடம் கேக்கிறது, மைக்குகிட்டயா?"

அந்தப் பெண் சிரித்துவிட்டு, இன்னொரு துண்டு கேக் சாப்பிட்டுவிட்டுப் போனாள். நகராட்சி தன் விழாவைத் தனியாக வைத்துக்கொண்டது. ஹெர்லிண்டாவும் போய் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டிவிட்டு வந்தாள். ஆனால் தெருவின் போசாதா தெருவில்தான்.

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. பெத்லகேமில் மாதாவும் சூசையப்பரும் தங்க இடமில்லாமல் அலைந்தார்களே, அதைக் கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஒன்பது மாலையும் தெருவே திரும்ப நடத்திப் பார்ப்பதுதான் போசாதா. கழுதை மேல் ஒரு சிறுமி மாதாவாக உட்கார்ந்திருப்பாள். பின்னால் மெழுகுவத்தியோடு ஜனம் நடக்கும். வெளியே நிற்பவர்கள் இடம் கேட்டுப் பாட, உள்ளே இருப்பவர்கள் முடியாது என்று பாடி விரட்டுவார்கள். மூன்று வீட்டில் விரட்டு வாங்கி நாலாவது வீட்டில் கதவு திறக்கும். திறந்துவிட்டால் அத்தனை பேரும் உள்ளே போக வேண்டும். அங்கேதான் சாப்பாடு.

எந்த மாலையில் எந்த வீடு விரட்ட வேண்டும், எந்த வீடு திறக்க வேண்டும் என்று தீர்மானிப்பவள் ஹெர்லிண்டா. கடைசி மாலை திறக்கும் வீடு எப்போதும் அவளுடையதுதான். அதில் யாருக்கும் பேச்சே கிடையாது. ஒலிவத் தெருவின் எல்லாக் கதவுகளும் அவள் சொன்ன பேச்சைக் கேட்கும். எதிர்வீட்டுக் கதவைத் தவிர.

எதிர்வீட்டில் இருப்பவர் எவரிஸ்தோ, அவளுடைய சொந்த அண்ணன். ஆறு வருஷமாக அவர் தங்கையோடு பேசுவதில்லை. காரணம் ஊருக்கே தெரியும், ஹெர்லிண்டாவுக்கு எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். அந்த வருஷம் டிசம்பரில் அவர் மனைவி ஓத்திலியா செத்துப்போனாள். அடக்கம் முடிந்து வீட்டில் ஒன்பது நாள் செபம் நடந்தது. தரையில் பூக்களுக்கு நடுவே ஒரு மரச்சிலுவையைக் கிடத்தி வைப்பார்கள். ஒன்பதாம் நாள் செபம் முடிந்ததும் அதைத் தூக்கி நிறுத்தினால்தான் செத்தவர் நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தார் என்று அர்த்தம். அப்படித் தூக்குவதற்குச் சிலுவைக்கென்று ஒரு ஞானத்தாய் வேண்டும். எவரிஸ்தோ தங்கையைத்தான் கேட்டார். அவளும் அழுதுகொண்டே சரி என்றாள்.

அந்த ஒன்பதாம் நாளும் கடைசிப் போசாதாவும் ஒரே மாலையில் வந்து விழுந்தன. போசாதாவை அந்த ஒரு வருஷம் வேறு யார் வீட்டுக்காவது மாற்றியிருக்கலாம். ஆனால் ஹெர்லிண்டா எதையும் விட்டுக்கொடுக்கிற ஆளா? இரண்டையும் சமாளித்துவிடலாம் என்று நினைத்தாள். செபம் பாதியில் இருக்கும்போது அவளுக்கு அடுப்பில் கிடந்த பொசோலே ஞாபகம் வந்தது. பன்றிக்கறியும் பருத்த வெள்ளைச் சோளமும் சிவப்பு மிளகாயில் கொதிக்கும் குழம்பு அது, அடிப்பிடித்தால் அவ்வளவுதான். அண்ணன் காதில், "பத்து நிமிஷம், ஓடி வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். போன இடத்தில் கூட்டம் வந்துவிட்டது. பாட்டு, கிண்ணம், கரண்டி, பிள்ளைகளின் கூச்சல். அவள் நிமிர்ந்து பார்த்தபோது எதிர்வீட்டில் விளக்கு அணைந்திருந்தது. மிச்சமிருந்த நாலைந்து பேரை, மற்றதைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லி அவர் அனுப்பிவிட்டார் என்று பிறகு தெரிந்தது.

மறுநாள் ஒரு பானை பொசோலேயைத் துணியில் கட்டித் தன் கணவன் சோனிடம் கொடுத்து அனுப்பினாள். கட்டிய முடிச்சு கட்டியபடியே பானை வாசலில் திரும்பி வந்து உட்கார்ந்திருந்தது. அடுத்த வருஷமும் அனுப்பினாள், அதுவும் அப்படியே வந்தது. கல்நெஞ்சன் என்று திட்டினாள், அடுப்பு முன்னால் நின்று அழுதாள், அதற்கடுத்த வருஷமும் அனுப்பினாள். சோனோடு எவரிஸ்தோ வேலியோரம் நின்று பேசுவார், பழம் கட்டும் ஷெட்டில் எல்லோருடனும் சிரிப்பார். தங்கை எதிரே வந்தால் மட்டும் செருப்பில் ஏதோ ஒட்டியிருப்பதுபோலக் குனிந்துகொள்வார். ஊர்வலம் அவர் வீட்டைக் கடக்கும்போது கிதார் வாசிக்கும் ஃபெர்மீன் தந்திகளைக் கையால் மூடிக்கொள்வார். அதுவும் ஹெர்லிண்டாவின் ஏற்பாடுதான்.

இந்த வருஷம் கடைசி நாள் காலையில் ஒரு சிக்கல் வந்தது. வழக்கமாக வரும் கழுதைக்குக் குளம்பில் புண். ஃபெர்மீன் அலைந்து திரிந்து வேறொன்றைப் பிடித்துக்கொண்டு வந்து பெருமையாக நின்றார். ஹெர்லிண்டா அதைப் பார்த்ததும் கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே போட்டாள். அது பிஷப்.

ஓத்திலியாவின் கழுதை. குட்டியாக இருக்கும்போது தாய் செத்துப்போக, அவள்தான் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தாள். அதன் நிதானமான நடையைப் பார்த்துப் பிஷப் என்று பெயர் வைத்தவளும் அவளே. குளிர் நாட்களில் அதை வீட்டுக்குள் விட்டு அடுப்பருகே படுக்கவைப்பாள். எவரிஸ்தோ சத்தம் போட்டால், பிஷப்பை யாராவது வாசலில் நிறுத்துவார்களா என்பாள். அவள் போன பிறகு அதைப் பார்க்கச் சகிக்காமல் எவரிஸ்தோ ஊருக்கு வெளியே ஓர் ஆட்டுப் பண்ணையில் கொடுத்துவிட்டார்.

"இது இந்தத் தெருவுல கால் வைக்கக் கூடாது ஃபெர்மீன்," என்றாள் ஹெர்லிண்டா.

"வேற கழுதைக்கு நான் எங்க போவேன் மதினி? நானே நாலு கால்ல நடந்தாதான் உண்டு."

"அண்ணன் பாத்தா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா? ஏற்கெனவே நான் செஞ்சது போதாதா?"

வேறு வழி இல்லை. கடைசியில் ஃபெர்மீன் ஒரு யோசனை சொன்னார். பிஷப்பை வாய்க்கால் பக்கமாகச் சுற்றிக் கொண்டுவந்து, தெருவின் கீழ்முனையில் மூன்று வீட்டில் விரட்டு வாங்கி, ஹெர்லிண்டாவின் பக்கத்து நடைபாதையிலேயே அவள் வாசலுக்கு வந்துவிடுவது. எதிர்ப்பக்கம் போகவே போவதில்லை. ஹெர்லிண்டா அரைமனதாகத் தலையாட்டினாள். அன்று முழுக்கச் சோளம் உரித்தபடி, அண்ணன் ஜன்னல் திரை மூடியிருக்கிறதா என்று அடிக்கடி பார்த்துக்கொண்டாள்.

இருட்டும் நேரத்தில் மூடுபனி இறங்கியது. இந்தப் பள்ளத்தாக்கின் பனிக்கு மரியாதையே கிடையாது. ஆரஞ்சுத் தோட்டங்களிலிருந்து எழுந்து வந்து, தெருவிளக்கை விழுங்கி, வாசல்படியை விழுங்கி, கதவைத் திறந்தால் வீட்டுக்குள்ளும் தலையை நீட்டும். ஹெர்லிண்டா பொசோலேப் பானையைப் பெரிய அடுப்பிலும், கரும்பும் கொய்யாவும் போட்ட பழக்கஷாயத்தைச் சின்ன அடுப்பிலும் வைத்திருந்தாள். முன் மரத்தில் மிட்டாய் அடைத்த நட்சத்திரம், பிள்ளைகள் தடியால் அடித்து உடைப்பதற்கு, கயிற்றில் தொங்கியது. முதல் வீட்டில் பாட்டு கேட்டது, விரட்டும் கேட்டது. இரண்டாவது வீட்டிலும் அப்படியே. அவளும் சோனும் கதவுக்குப் பின்னால் தொண்டையைச் செருமிக்கொண்டு தயாரானார்கள்.

மூன்றாவது முறை பாட்டு மிக அருகில் கேட்டது. ஆனால் இடம் சரியில்லை. சத்தம் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது.

"இவங்க எங்க நிக்கிறாங்க?" என்றாள் ஹெர்லிண்டா.

அப்போது கழுதை கத்தியது. சாதாரணமாகக் கத்தவில்லை, பசித்த பிள்ளை வீடு வந்து சேர்ந்ததும் கத்துமே, அந்தக் குரல். ஹெர்லிண்டா கதவில் காதை வைத்தாள். வெளியே இருப்பவர்கள் இடம் கேட்டுப் பாடி முடித்தார்கள். விரட்டுப் பாட்டு வர வேண்டிய இடத்தில் சத்தமே இல்லை. யாரோ ஒரு குழந்தை இருமியது. பிறகு ஒரு கீல் கிறீச்சிட்டது. அதற்குப் பின் தெருவில் எதுவுமே கேட்கவில்லை. அத்தனை ஜனத்தையும் பனி தின்றுவிட்டதுபோல இருந்தது.

சோன் பார்க்கப் போனார். போனவர் திரும்பி வருவதற்குள் அவள் மேஜைமேல் கிண்ணங்களை அடுக்கி, கலைத்து, மறுபடி அடுக்கினாள். வந்தவர் தொப்பியைக் கழற்றாமலே நின்றார்.

"உன் அண்ணன் கதவத் தொறந்துட்டாரு. எல்லாரும் உள்ள போயிட்டாங்க."

"எல்லாருமா?"

"கழுதை உட்பட."

பிறகு நிதானமாக நடந்ததைச் சொன்னார். பனியில் ஃபெர்மீனுக்குத் தன் காலே தெரியவில்லை. பிஷப்புக்கு மட்டும் வழி தெரிந்திருக்கிறது. இழுத்த இழுப்புக்கு அவர் பின்னால் போயிருக்கிறார். மூன்றாவது வீடு என்று நினைத்துப் பாடியும் ஆகிவிட்டது. கதவைத் திறந்துகொண்டு எவரிஸ்தோ நின்றதும் ஃபெர்மீன் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தார். அதற்குள் மாதாவை முதுகில் வைத்துக்கொண்டே பிஷப் நேராக உள்ளே நடந்து சமையலறையில் போய் நின்றுகொண்டது. மாதாவை விட்டுவிட்டு மற்றவர்கள் எங்கே போவது? அவர்களும் போய்விட்டார்கள்.

"அண்ணன் என்ன சொன்னாரு?"

"பிஷப் கத்துனா எப்பவும் ஓத்திலியாதான் போய்த் தொறப்பா, இன்னிக்கு அவ இல்ல, அதான் நான் தொறந்தேன்னு சொன்னாரு. வேற ஒண்ணும் சொல்லல."

ஹெர்லிண்டா நாற்காலியில் உட்கார்ந்தாள். அவளுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். ஒன்பது மாலையும் நடக்க வைத்தது அவள், கடைசி வீடு அவளுடையது, பொசோலே அவளுடையது. தெருவே வாசல்படி ஏறி வரும் என்று காத்திருந்தவளை விட்டுவிட்டு, ஆறு வருஷமாகச் சாத்திக் கிடந்த கதவுக்குள் எல்லோரும் ஒரு நொடியில் போய்விட்டார்கள். அந்தக் கதவு ஒரு கழுதைக்குத் திறந்தது, அவளுக்குத் திறக்கவில்லை. அதுதான் வலித்தது.

"கூட்டிட்டு வாங்க எல்லாரையும். சாப்பாடு இங்கதானே இருக்கு," என்றாள்.

"தொறந்த வீட்ட விட்டு வரக் கூடாதுன்னு நீதானே சட்டம் போட்ட? அங்க பாவம் ஒரு டப்பா மீன வெச்சுக்கிட்டு இத்தன பேருக்கு எப்படிக் குடுக்கிறதுன்னு மச்சான் முழிச்சிட்டு நிக்கிறாரு." சோன் கையைத் தேய்த்துக்கொண்டார். அப்புறம் குரலை இறக்கி, "நீ இங்க பானைய காத்துக்கிட்டு உக்காரப் போறியா? மறுபடியுமா?" என்றார்.

அவர் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. குத்தியது குத்தியதுதான். ஹெர்லிண்டா எழுந்தாள். போய்த் துடைப்பத்தை எடுத்து வந்தாள். அதன் கட்டையைப் பானையின் இரண்டு காதுகளிலும் கோத்து, ஆளுக்கொரு முனையைத் தோளில் வைத்துக்கொண்டு இருவரும் பனிக்குள் இறங்கினார்கள். நடுத்தெருவில் சோன் எதிலோ இடறி, சூடான குழம்பு அவள் காலணியில் தெறித்தது. அவள் சொன்ன வார்த்தையை மாதா கேட்டிருக்கக் கூடாது.

குளிருக்காகக் கதவைச் சாத்தியிருந்தார்கள். பானையை இறக்கி வைத்துவிட்டு ஹெர்லிண்டா தட்டினாள்.

உள்ளே பேச்சு நின்றது. கிசுகிசுப்பு, யாரோ அடக்கிய சிரிப்பு. அதன் பிறகு ஃபெர்மீனின் கிதார் தொடங்கியது, வீட்டுக்காரர்களின் ராகத்தில். அவள் போட்ட சட்டம்தான். கதவுக்கு உள்ளே இருப்பவர்கள் விரட்ட வேண்டும், வெளியே நிற்பவர்கள் கேட்க வேண்டும். ஹெர்லிண்டா வாழ்நாளில் வெளியே நின்று பாடியதில்லை. எப்போதும் அவள் திறக்கிற வீட்டுக்காரி. சுருதி எங்கோ போகப் பாடினாள். சோனும் கூடச் சேர்ந்து கெடுத்தார். உள்ளே அத்தனை பேரும் உற்சாகமாக விரட்டினார்கள். மறுபடி கேட்டாள். மறுபடி விரட்டினார்கள். மூன்றாவது முறை கிதார் நின்றுவிட்டது. திறப்பதா வேண்டாமா என்று இனி வீட்டுக்காரர்தான் சொல்ல வேண்டும்.

அவர் பாடவில்லை. கதவுக்கு மறுபக்கம் மிக அருகில் நின்று பேசினார்.

"யாரு?"

"நான்தாண்ணே."

"என்ன வேணும்?"

"உள்ள வரணும்."

தாழ்ப்பாளில் கை வைக்கிற சத்தம் கேட்டது.

"எவ்வளவு நேரம் இருப்ப?"

ஆறு வருஷமாக அவள் மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பேச்செல்லாம் இருந்தது. நியாயங்கள், கோபங்கள், அடுப்பில் கிடந்த பானையின் கதை. அத்தனையையும் விட்டுவிட்டு, "எல்லாரும் போனப்புறம்தாண்ணே போவேன்," என்றாள்.

கதவு திறந்தது.

அறை முழுக்க ஜனம். ஆனால் எல்லோரும் சுவர் ஓரமாக ஒண்டிக்கொண்டு நின்றார்கள், நடுவில் ஒரே வெறுமை. பிஷப்புக்காக ஒதுங்கி நிற்கிறார்கள் என்று அவள் முதலில் நினைத்தாள். பிஷப்போ அடுப்பருகே பழைய இடத்தில் கண்ணை மூடிக்கொண்டிருந்தது. அப்புறம்தான் தரையைப் பார்த்தாள். சிலுவை அங்கேயே கிடந்தது.

ஓத்திலியாவின் சிலுவை, கிடத்தியது கிடத்தியபடி. பூக்கள் மட்டும் என்றோ போய்விட்டிருந்தன. சுற்றிலும் தரை துடைத்துச் சுத்தமாக இருந்தது. நாற்காலிகளும் மேஜையும் அதைச் சுற்றித் தள்ளிப் போடப்பட்டிருந்தன. அவர் தினமும் சுற்றி நடந்து போயிருக்கிறார். முகத்தைத் திருப்பிக்கொண்ட அண்ணனை நினைத்து எத்தனை தடவை திட்டியிருப்பாள். இதை அவள் நினைத்துப் பார்க்கவே இல்லை.

"ஞானத்தாய் வராம எப்படித் தூக்கறது?" என்றார் எவரிஸ்தோ. குற்றம் சொல்கிற குரலே இல்லை. கடையில் மாவு தீர்ந்துவிட்டது என்பதுபோலச் சொன்னார்.

ஹெர்லிண்டா அழுதாள். அழுதுகொண்டே மண்டியிட்டாள். வந்திருந்தவர்களும் ஒவ்வொருவராக முழங்காலில் இறங்கினார்கள். மாதா வேஷம் போட்ட யாரெட்சி என்ற சிறுமி நீலப் போர்வையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அன்று பாதியில் விட்ட செபத்தை, விட்ட இடத்திலிருந்து சொல்லி முடித்தார்கள். பிறகு சிலுவையின் ஒரு கையை அண்ணனும் மறு கையைத் தங்கையும் பிடித்துத் தூக்கி, ஓத்திலியாவின் படத்துக்குக் கீழே சுவரில் சாய்த்து நிறுத்தினார்கள். அது அவள் பயந்த அளவுக்குக் கனமாக இல்லை.

அதற்குப் பிறகு யாருக்கும் பசி தாங்கவில்லை. சோன் மரத்திலிருந்து நட்சத்திரத்தை அவிழ்த்து வந்து இந்த வீட்டு மரத்தில் கட்டினார். பிள்ளைகள் பனியில் கண்டபடி தடியை வீசி, ஃபெர்மீனின் தொப்பியை இரண்டு தடவை விழத்தட்டிய பிறகு அதை உடைத்தார்கள். கிண்ணம் போதாமல் காப்பிக் கோப்பைகளிலும் பொசோலே ஓடியது. நடு அறையில், ஆறு வருஷமாக யாரும் கால் வைக்காத இடத்தில், இரண்டு பேர் ஆடினார்கள். எவரிஸ்தோ மூன்றாவது தடவை கிண்ணத்தை நீட்டும்போது, உப்பு கொஞ்சம் குறைச்சல் என்றார். ஹெர்லிண்டாவுக்கு அது பாராட்டாகவே கேட்டது.

கோயில் மணி அடித்ததும் பூசைக்கு நேரமாகிவிட்டது என்று எல்லோரும் கிளம்பினார்கள். பிஷப்பை எழுப்ப ஃபெர்மீன் முயன்று பார்த்துவிட்டு, நாளைக்கு வருவதாகச் சொல்லிப் போய்விட்டார். சோன், தான் முன்னால் போய் இடம் பிடித்து வைப்பதாகச் சொன்னார். ஹெர்லிண்டா கிண்ணங்களைக் கழுவிக் கவிழ்த்தாள். கவிழ்த்து முடித்தும் கையைத் துடைத்தபடி நின்றாள்.

"எல்லாரும் போயிட்டாங்க," என்றார் எவரிஸ்தோ.

"ஆமாண்ணே."

"பத்து நிமிஷம் இரு. காப்பி போடறேன்." கெட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் கேட்டார்: "வீட்டுல அடுப்புல ஏதாவது வெச்சிருக்கியா?"

பழக்கஷாயம் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. இந்நேரம் வற்றி அடிப்பிடிக்கத் தொடங்கியிருக்கும்.

"வெச்சிருக்கேன்," என்று சொல்லிவிட்டு ஹெர்லிண்டா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "தீயட்டும்ணே."